மரம் அதேதான், தும்மல் இரு மடங்குக்கு மேல்

டோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் கோயில் நகரம் நிக்கோ. அங்கே போகும் பழைய சாலைகளின் இருபுறமும் 35 கிலோமீட்டருக்கு மேல் சுகி மரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஊசியிலை மரமான இதை ஜப்பானிய சீடர் என்றும் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் மட்சுதைரா மசட்சுனா என்ற பிரபு நட்டவை இவை. அன்றிலிருந்து வசந்தம்தோறும் மகரந்தம் மஞ்சள் தூளாக உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சுகி மகரந்த ஒவ்வாமை மருத்துவ ஏட்டில் ஏறியது 1964-ல்தான். அந்த நோயாளிகளும் நிக்கோ பகுதியைச் சேர்ந்தவர்களே.

1980-களில் ஆய்வாளர்கள் இந்தப் பகுதியில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். சுகிக் காட்டை ஒட்டி, வண்டி நடமாட்டம் குறைந்த இடங்களில் வாழ்ந்தவர்களில் 100-க்கு 5 பேருக்கு இந்த ஒவ்வாமை இருந்தது. அதே மரங்கள் நிற்கும், லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரத்திலோ 13 பேருக்கு! காட்டிலும் மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. கூடுதலாகச் சாலையில் இருந்தது டீசல் புகை.

சாலையோரவாசிகளின் வாழ்க்கைமுறை வேறாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விசாரணையை மட்டும் வைத்துப் புகையைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது.

பதில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஒவ்வாமையைத் தூண்டிவிடுவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். (1966-ல் இதை இனங்கண்டவர்களும் ஒரு ஜப்பானியத் தம்பதிதான்: கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா.) சுகி மகரந்தத்தோடு டீசல் கரியைக் கலந்து எலிகளுக்குச் செலுத்தியபோது, மகரந்தம் மட்டும் பெற்ற எலிகளைவிட அவற்றுக்கு ஐஜிஇ அதிகம் சுரந்தது.

எலி சரி, மனிதர்? 1999-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர் டேவிட் டயஸ்-சான்செஸ் குழுவினர், ஒரு வகைக் கடல் நத்தையின் புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். அன்றாட வாழ்வில் யாரும் முகர்ந்திருக்க வாய்ப்பில்லாத பொருள் அது. புரதம் மட்டும் மூக்கில் விடப்பட்ட 10 பேரில் ஒருவருக்குக்கூட அதற்கெதிரான ஐஜிஇ உருவாகவில்லை. முன்கூட்டியே டீசல் கரித்துகளையும் மூக்கில் ஏற்றுக்கொண்ட 15 பேரில் 9 பேருக்கு உருவானது. ஏற்கெனவே இருக்கும் ஒவ்வாமையைக் கிளறுவதோடு புகை நிற்பதில்லை, புதிதாகவும் ஒன்றை விதைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

கரித்துகளின் மேல் ஒட்டியிருக்கும் ஹைட்ரோகார்பன்கள் மூக்கின் உள்தோலை எரிச்சலூட்டி, சாதுவான புரதத்தையும் எதிரியாக உடலுக்குக் காட்டிவிடுகின்றன.

அப்படியானால் புகை கூடினால் ஒவ்வாமையும் கூடுமா? இங்கேதான் ஜெர்மனி குறுக்கே வருகிறது. பெர்லின் சுவர் விழுந்தபின் எரிகா ஃபான் மூட்டியஸ் என்ற மருத்துவர் கிழக்கே லைப்சிக், ஹாலே நகரக் குழந்தைகளையும் மேற்கே மியூனிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். பழுப்பு நிலக்கரிப் புகையில் வளர்ந்த கிழக்கத்தியக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சி அதிகம். ஆனால் மகரந்தக் காய்ச்சலும் ஆஸ்துமாவும் மியூனிக்கில்தான் அதிகம். எல்லாப் புகையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வளரும் சூழல், குடும்பத்தின் அளவு என்று வேறு சங்கதிகளும் இதில் கலந்திருக்கின்றன.

டோக்கியோ கதையும் அவ்வளவு நேர்கோடல்ல. 1999-ல் அதன் ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா, டீசல் கரி நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலைச் செய்தியாளர்கள் முன் ஆட்டிக் காட்டினார். 2003 அக்டோபரில், புகை விதிகளுக்கு உட்படாத டீசல் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நகரில் தடை வந்தது. காற்றில் கரி குறைந்தது. தும்மல் குறையவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் நாடு தழுவி எடுத்த கணக்கில், 1998-ல் 16 சதவீதமாக இருந்த சுகி ஒவ்வாமை 2019-ல் 39 சதவீதத்தை நெருங்கியது. போருக்குப் பின் மரத்தேவைக்காக மலை மலையாக நடப்பட்ட சுகிகள் இப்போது முதிர்ந்து மகரந்தத்தை அள்ளிக் கொட்டுகின்றன. ஒருமுறை வந்த ஒவ்வாமையும் லேசில் விடுவதில்லை.

2023-ல் ஜப்பான் அரசு, மகரந்தம் பரப்பும் சுகிக் காடுகளைப் பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, மகரந்தம் அதிகம் உதிர்க்காத கன்றுகளை நடுவதென்று முடிவெடுத்தது. மகரந்தம் பாதியாக 30 ஆண்டுகள் ஆகும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு.