தாவீதின் அரியணையும் தேவனின் ஆளுகையும்



தமிழிலே 'இறை' என்னும் சொல் கடவுளைக் குறிக்கும், அரசனைக் குறிக்கும், குடிகள் அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். கோவாகிய அரசன் வாழும் இல்லமே ஒருகாலத்தில் 'கோயில்' எனப்பட்டது. ஆட்சியையும் தெய்வத்தையும் இணைத்து எண்ணும் இவ்வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. பழைய சமுதாயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆயினும், அவ்வாறு எண்ணுமிடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அரியணையில் ஒருவன் அமர்ந்துவிட்டான் என்பதனாலேயே, அவனை அமர்த்தியவர் இறைவன் என்று முடிவு கட்டலாமா? வென்றவனுடைய சூழ்ச்சிகளுக்கெல்லாம் தெய்வம் பொறுப்பாகுமா? அன்றி, எல்லாம் தெய்வத்தின் செயலாயின், மனிதன் செய்ய வேண்டியது யாதேனும் உண்டா?

இவ்வினாக்களுக்குக் கிறித்தவர்கள் விடை தேடிச் செல்லும் இடங்களுள் முக்கியமானது, தாவீது அரசனுக்குப் பின் சாலொமோன் பட்டமெய்திய வரலாறாகும். ஏறத்தாழக் கி.மு. 970ஆம் ஆண்டளவில் எருசலேமில் நிகழ்ந்த அச்செய்தியை, வேதாகமத்திலுள்ள இராஜாக்களின் முதலாம் புத்தகம் தன் முதலிரண்டு அதிகாரங்களில் விரித்துரைக்கின்றது. அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

முப்பதாவது வயதில் அரசனாகி நாற்பது ஆண்டுகள் ஆண்ட தாவீது, முதுமையினால் தளர்ந்து படுக்கையிலே கிடக்கின்றான். போர்வைகள் பல போர்த்தும் அவனுக்குக் குளிர் நீங்கவில்லை. எபிரோனிலே பிறந்த அவனுடைய புதல்வர்களுள் மூத்தவனாகிய அம்னோனும், மூன்றாமவனாகிய அப்சலோமும் முன்னரே கொலையுண்டு மாண்டனர். இரண்டாமவனைப் பற்றிய பேச்சே இல்லை. எஞ்சியோருள் மூத்தவன் நான்காம் புதல்வனாகிய அதோனியா. அவன் அழகன், அரசவையில் செல்வாக்குடையவன். 'கர்த்தரே என் ஆண்டவர்' என்பது அவன் பெயரின் பொருள். ஆனால் அவனோ, கர்த்தரிடத்திலும் கேளாமல், தந்தையிடத்திலும் கேளாமல், தானே அரசனாவதெனத் தீர்மானித்துக் கொண்டான். இரதங்களையும் குதிரைவீரரையும் சேர்த்தான்; தனக்கு முன்னே ஓடுதற்கு ஐம்பது பேரை அமர்த்தினான்.

இவ்விடத்திலே வேதாகம ஆசிரியர் சிறு குறிப்பொன்றைத் தருகின்றார். நீ ஏன் இவ்வாறு செய்தாய் என்று கேட்டுத் தாவீது தன் மகனை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லையாம். பிள்ளைகளோடு பழகுகின்ற ஆசிரியர்களும் பெற்றோரும் இக்குறிப்பின் கனத்தை நன்கு உணர்வர். நாட்டை அடக்கியாண்ட மன்னன் தன் வீட்டை ஆளத் தவறினான். பின்னர் நேர்ந்த இரத்தப்பழிக்கு வித்து அந்த மௌனத்திலேயும் கிடந்தது.

சேனாபதி யோவாபும் ஆசாரியன் அபியத்தாரும் அதோனியாவின் பக்கம் சேர்ந்தனர். எருசலேமுக்குத் தெற்கேயுள்ள இன்றோகேல் என்னும் நீரூற்றின் அருகே ஆடுமாடுகள் பலியிடப்பட்டுப் பெருவிருந்து நடந்தது. அரசகுமாரர் யாவரும் அழைக்கப்பட்டனர். சாலொமோன் மாத்திரம் அழைக்கப்படவில்லை. தீர்க்கதரிசி நாத்தானுக்கும், காவற்படைத் தலைவன் பெனாயாவுக்கும் அழைப்பில்லை. அழைக்கப்படாதோர் பட்டியலே அவ்விருந்தின் நோக்கத்தை வெளிப்படுத்திவிட்டது.

செய்தியறிந்த நாத்தான், சாலொமோனின் தாயாகிய பத்சேபாளிடம் விரைந்தான். உன் உயிரும் உன் மகனுடைய உயிரும் ஆபத்தில் இருக்கின்றன என்று எச்சரித்தான். முதலில் அவள் அரசனிடம் சென்று, சாலொமோனே தனக்குப்பின் ஆள்வான் என அவன் இட்ட ஆணையை நினைவூட்டுவது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நாத்தான் உட்புகுந்து அவள் சொல்லை உறுதிப்படுத்துவது. இதுவே அவர்கள் வகுத்த வழி. அது பலித்தது. படுக்கையிற் கிடந்த கிழவேந்தன் விழிப்புற்றான். தன் சொந்தக் கோவேறு கழுதையின்மேல் சாலொமோனை ஏற்றி, கீகோன் ஊற்றுக்குக் கொண்டுபோய், ஆசாரியன் சாதோக்கு அபிஷேகம் பண்ணக்கடவன் என்று கட்டளையிட்டான். எக்காளம் முழங்கிற்று; மக்கள் குழலூதி ஆர்ப்பரித்தனர். இன்றோகேலுக்கும் கீகோனுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மைலும் இராது. விருந்துண்டு முடிந்த வேளையில் அவ்வோசை யோவாபின் செவியில் விழுந்தது. சற்று நேரத்தில் விருந்தினர் யாவரும் நடுங்கி எழுந்து, அவரவர் வழியே ஓடிப்போயினர். அதோனியா பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டான்.

இவ்வரலாற்றைக் கூர்ந்து வாசிப்போர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். இதிலே வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. அற்புதம் எதுவும் நிகழவில்லை. தீர்க்கதரிசியாகிய நாத்தான்கூட, கர்த்தர் இவ்வாறு உரைக்கின்றார் என்று கூறி வரவில்லை; ஓர் அரசியல் அறிஞனைப்போலக் காலமும் இடமும் அறிந்து காரியம் பார்த்தான். தாவீது பத்சேபாளுக்கு இட்டதாகக் கூறப்படும் ஆணைகூட, அவன் வாழ்வை விவரிக்கும் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் இடம்பெறவில்லை. ஆகவே, இது வெறும் அரண்மனைச் சூழ்ச்சியே என்று சொல்வோரும் உளர். நாளாகமப் புத்தகத்தைப் புரட்டினாலோ காட்சி மாறுகின்றது. சாலொமோனைத் தேவனே பெயர் குறித்துத் தெரிந்தார் என்றும், தாவீது அதனைச் சபையோர் முன் அறிவித்தான் என்றும் அந்நூல் கூறும். அதோனியாவின் கலகம் அங்கே சொல்லப்படவேயில்லை. ஒரே நிகழ்ச்சியை ஒரு நூல் கீழிருந்து நோக்குகின்றது. மற்றது மேலிருந்து நோக்குகின்றது. மனிதர் ஓடியாடித் திரிந்ததும் உண்மை. அவர்களுடைய ஓட்டத்தினூடே தேவனின் சித்தம் நிறைவேறியதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பதுதான் கிறித்தவர் கூறும் தேவ ஆளுகையின் சாரம்.

இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம், தேவன் மனிதரின் வரிசைமுறைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது. வயதின்படி உரிமை அதோனியாவுக்கே. ஆயின் வேதாகமத்தில் இஸ்மவேல் இருக்க ஈசாக்கும், ஏசா இருக்க யாக்கோபும், மனாசே இருக்க எப்பிராயீமும் தெரிந்துகொள்ளப்பட்டனர். தாவீதே ஈசாயின் குமாரருள் கடைக்குட்டி. தமையன்மார் எழுவர் விலக்கப்பட்ட பின்னரே ஆட்டு மந்தையிலிருந்து அழைத்துவரப்பட்டான். சாலொமோனின் தாயோ, தாவீது செய்த பெரும் பாவத்தை நினைவூட்டுபவள். அவளுடைய முன்னைக் கணவன் உரியாவைத் தாவீது போர்முனையில் மாளச் செய்தான். இயேசுவின் வம்ச அட்டவணையை எழுதிய மத்தேயு இதனை மறைக்கவில்லை. பத்சேபாளின் பெயரைச் சொல்லாது, உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே குறிக்கின்றார். தகுதியினாலன்று, கிருபையினாலேயே தெரிவு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது பாடம், தேவனின் ஆளுகை மனிதனைச் சோம்பேறியாக்குவதன்று என்பது. தேவன் தெரிந்தவனே அரசனாவான், நாம் என் செய்வது என்று நாத்தான் வாளாவிருந்தானில்லை. வாக்குறுதியை நம்பியவன் ஆதலாலேயே அவன் விரைந்து செயற்பட்டான். விதியென்று சொல்லி மடிந்திருத்தல் வேறு; தேவசித்தத்தை நம்பித் தன் கடமையைச் செய்தல் வேறு. ஒன்று கைகளைக் கட்டிப்போடும்; மற்றது கைகளுக்கு வலுவூட்டும்.

மூன்றாவது பாடம் சற்றுக் கடினமானது. அரியணை உறுதிப்படும் முன் இரத்தம் சிந்தப்பட்டது. அதோனியா, தாவீதைப் பணிவிடை செய்து பேணிய அபிஷாக்கைத் தனக்கு மணமுடிக்கக் கேட்டனுப்பினான். இராச்சியம் கர்த்தரால் தன் தம்பிக்கு ஆயிற்று என்று அப்பொழுது அவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். ஆயினும், முன்னை அரசனின் அந்தப்புரத்துப் பெண்ணைக் கேட்பது அரசையே கேட்பதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது, அதோனியா கொல்லப்பட்டான். யோவாப் பலிபீடத்தருகே வெட்டுண்டான். அபியத்தார் ஆசாரியப் பதவி இழந்து, ஆனதோத்து என்னும் தன் ஊருக்குத் துரத்தப்பட்டான். இவற்றுள் எது நீதி, எது அரசியல் அச்சம் என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தேவன் ஒருவனைத் தெரிந்தார் என்பது, அவன் செய்த ஒவ்வொரு செயலுக்கும் முத்திரை இட்டார் என்பதாகாது. பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அதே ஆனதோத்தின் ஆசாரியர் குலத்திலிருந்தே எரேமியா தீர்க்கதரிசி எழுந்தான். தாவீதின் வழிவந்த அரசர்களைப் பார்த்து, உங்கள் அநீதியால் இந்நகரம் அழியும் என்றான். அரசன் ஒதுக்கிய ஊரைத் தேவன் ஒதுக்கிவிடவில்லை.

நான்காவது, அரியணை என்பது கடன், உடைமையன்று. சாகுந்தறுவாயில் தாவீது மகனுக்குச் சொன்ன புத்தியில் ஒரு நிபந்தனை உண்டு. உன் வழித்தோன்றல்கள் தேவன்முன் உண்மையாய் நடந்தாலன்றிச் சிங்காசனம் நிலைக்காது என்பதே அது. ஞானத்திற் சிறந்த சாலொமோன் முதுமையிலே வழி தவறினான். அந்நிய தேவர்களுக்கு மேடைகள் கட்டினான். அவன் மகன் ரெகொபெயாம், வரிச்சுமையைத் தணிக்குமாறு மன்றாடிய குடிகளுக்கு, முதியோர் சொல்லைத் தள்ளிவிட்டுக் கடுமொழி கூறினான். ஏறத்தாழக் கி.மு. 930இல் பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. எஞ்சிய எருசலேமும் கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. ரெகொபெயாமின் மூடத்தனத்தை விவரிக்கும் ஆசிரியர், அதுவும் கர்த்தரால் நேர்ந்த திருப்பம் என்று எழுதத் தயங்கவில்லை. சாலொமோனை ஏற்றிய அதே கரம், அவன் வீட்டை அளந்து நிறுத்தவும் செய்தது.

இந்த நான்காம் பாடத்தை மறந்த மன்னர்கள் பிற்காலத்திலும் இருந்தனர். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1610இல் பாராளுமன்றத்தின் முன் பேசுகையில், அரசரைத் தெய்வங்களுக்கு ஒப்பிட்டார். அரசன் குடிகளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனல்லன் என்னும் கொள்கையில் வளர்ந்த அவருடைய மகன் முதலாம் சார்ள்ஸ், 1649இல் குடிகளாலேயே சிரச்சேதம் செய்யப்பட்டார். சாதோக்கும் நாத்தானும் சாலொமோனை அபிஷேகம் பண்ணிய காட்சியை வைத்து, 1727இல் இரண்டாம் ஜோர்ஜின் முடிசூட்டுக்கென ஹாண்டெல் இசையமைத்தார். 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டிலும், 2023இல் மூன்றாம் சார்ள்ஸின் முடிசூட்டிலும் அது பாடப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய இசையே. ஆனால் அந்த அதிகாரத்தை வாசிப்போர் அடுத்த அதிகாரங்களையும் வாசித்தல் நன்று. எக்காள முழக்கத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை.

கிறித்தவர் இவ்வரலாற்றின் நிறைவை இயேசுவினிடத்தே காண்கின்றனர். சாலொமோன் தந்தையின் கோவேறு கழுதையின்மேல் வந்தான். தாவீதின் குமாரர் எனப் போற்றப்பட்ட இயேசுவும் கழுதையின்மேல் ஏறியே அதே நகருக்குள் வந்தார். ஆயின் தம் அரசை நிறுவ அவர் பிறர் இரத்தத்தைச் சிந்தவில்லை. தம் இரத்தத்தையே சிந்தினார். தம்மைத் தண்டிக்க அதிகாரமுண்டு என்று சொன்ன பிலாத்துவை நோக்கி, அவ்வதிகாரம் மேலிருந்து கொடுக்கப்பட்டதேயன்றி அவனுடையதன்று என்று உணர்த்தினார்.

அதிகாரம் மேலிருந்து வருவது என்னும் இக்கொள்கை ஆள்வோனுக்குப் புகழ்மாலையன்று, எச்சரிக்கை. கொடுத்தவர் ஒருவர் உளராயின், கணக்குக் கேட்பவரும் அவரே. நாட்டை ஆள்வோர்க்கு மாத்திரமன்று, ஒரு வீட்டையோ, ஒரு பாடசாலையையோ, ஓர் அலுவலகத்தையோ நடத்துகின்ற ஒவ்வொருவர்க்கும் அது பொருந்தும். நமக்கு முன்னே அந்த இருக்கையில் ஒருவர் இருந்தார். நமக்குப் பின்னே ஒருவர் இருப்பார். இடைப்பட்ட காலத்தை எவ்வாறு ஆண்டோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.