கிராணியார் வீட்டுக் கூரையும் பழைய ஓடுகளும்

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, ஆன்மிகப் பெரியோர்கள் எழுதும் பக்கங்களில் ஓடு, சட்டம், சுண்ணாம்பு பற்றி எழுதுவதா என்று தயங்கினேன். ஆயினும் சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலே இக்கட்டுரை.

ஜெராம் கடைத்தெருவை அடுத்து நம் அறநிலையத்துக்கு ஒரு பழைய வீடு இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். தோட்டத்தில் கிராணியாக இருந்த ஒருவர் போருக்கு முன் சொந்த நிலத்தில் கட்டிய வீடு. அவருடைய பேரப்பிள்ளைகள் அதை அறப்பணிக்கென்று எழுதிக் கொடுத்தார்கள். தேவார வகுப்பும் அன்னதானப் பண்டங்கள் வைக்கும் அறையும் அங்கேதான். அதன் கூரை ஒழுக ஆரம்பித்தபோது, பழைய ஓட்டையே மீண்டும் போடுவதென்று திருப்பணிக் குழு முடிவு செய்தது. உடனே ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, தகரம் போட்டால் ஒரு வாரத்தில் முடியும் வேலை. சாமி காசை எதற்காகக் கூரையிலே கொட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். நம் அறநிலையத்துக்குப் பல்லாண்டுகளாக அள்ளிக் கொடுத்தவர் அவர். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

முதலில் நம் பக்கத்துக் கூரைகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் காடு அழித்து ரப்பர் போட்ட காலத்தில் நம்மவர்கள் குடியேறிய லயங்களுக்கு அத்தாப்புக் கூரைதான். ஆற்று முகத்துவாரங்களில் தானாக வளரும் நீப்பா ஓலையை ஒரு கழியின் மேல் மடித்துத் தைத்து, வரிசை வரிசையாக அடுக்கிக் கட்டுவார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், நெருப்புக்கும் பயம். பின்னர் லயங்களுக்குத் தகரம் வந்தது. அதற்குப் பின் பல இடங்களில் கல்நார்த் தகடு வந்தது. துரை பங்களாவுக்கும், வசதி உள்ள கிராணிமார் வீட்டுக்கும், அரசாங்கக் கட்டடங்களுக்கும்தான் சிவப்பு ஓடு. தோட்டத்தில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த வட்டாரத்தில்தான் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தோட்டம் நடத்தினார். 1917-ல் தென்னமாரம் தோட்டத்தில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடக் காரணமாக இருந்தவர் அவரே. மலாயா வாழ்வை வைத்து எழுதிய ‘மலேஸி’ என்னும் நாவலுக்காக 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அவருக்கு உலகப் புகழ் கிடைத்தது. அவர் காலத்து லயங்களில் ஒன்றின் கூரைகூட நம் பிள்ளைகளுக்குக் காட்ட மிஞ்சவில்லை என்பது என் மனக்குறை. அத்தாப்பைக் காப்பாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஓட்டைக் காப்பாற்றலாம்.

அந்த ஓடு எங்கிருந்து வந்தது? கிராணியார் வீட்டில் ஓடு இறக்கியபோது முதுகுப்புறத்தில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. சிலவற்றில் ‘பேசல் மிஷன்’ என்றும் 1865 என்றும் இருந்தன. ஊரில் உடனே, “நம் வீடு 1865-ல் கட்டியதாம்” என்ற பேச்சு பரவிவிட்டது. அப்படியல்ல. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துச் சமயப் பணியாளர்கள் மங்களூரில் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டைத்தான் பிற்பாடு செய்த ஓடுகளிலும் முத்திரையாகப் பதித்து வந்தார்கள். முதல் உலகப் போரின்போது அந்த நிறுவனம் ஆங்கில அரசின் கைக்குப் போய், 1919-ல் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் மாறியது. நம் கூரையில் ‘காமன்வெல்த்’ முத்திரை உள்ள ஓடுகளும் கலந்திருந்தபடியால், வீடு 1919-க்குப் பிந்தியது என்று துணிந்து சொல்லலாம். பத்திரத்தில் இல்லாத செய்தியை ஓடு சொல்லிற்று!

ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இந்த வகை ஓட்டை 1841-ல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். பிறகு மார்செய் துறைமுகப் பகுதியில் ஏராளமாகச் செய்து கப்பலேற்றினார்கள். ஆகவே மார்செய் ஓடு என்ற பெயர் நிலைத்தது. மங்களூரிலும் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலும் அதே வார்ப்பில் செய்ததை நம் தமிழ்நாட்டில் மங்களூர் ஓடு என்றும் சீமை ஓடு என்றும் சொல்வார்கள். குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடு வேறு. செட்டிநாட்டு வீடுகளில் அதை அடுக்கடுக்காக வேய்ந்திருப்பதைப் பார்க்கலாம். பினாங்கு, மலாக்கா கடைவீடுகளில் உள்ள மடிப்பு ஓடு இன்னொரு வகை. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் ‘பழைய ஓடு போட்டோம்’ என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, அது அந்த வீட்டின் கூரை ஆகாது.

இனி, தகரம் ஏன் வேண்டாம் என்ற கேள்வி. இதை ஏட்டிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டின் பின்புறச் சரிவில் ஒழுகியபோது, அவசரத்துக்கு நாங்களே ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. இம்முறை பிரித்துப் பார்த்தபோது, ஓடு இருந்த முன்புறச் சரிவில் கைமரங்கள் இரும்பாக நின்றன. தகரம் போட்ட பின்புறத்தில் விரலால் குத்தினால் மரம் உதிர்ந்தது. காரணம் எளிது. இரவில் தகரம் குளிர்ந்துவிடும். வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக் காற்று அதன் அடியில் பட்டு நீர்த்துளியாகி, மரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். வெளியே மழையே இல்லாவிட்டாலும் உள்ளே மரம் நனைகிறது. ஓட்டுக்கூரையிலோ ஒவ்வோர் ஓட்டுக்கும் இடையே மெல்லிய சந்து உண்டு. காற்று நுழைந்து வெளியேறும். சுட்ட மண் கொஞ்சம் ஈரத்தைக் குடித்து, வெயில் வந்ததும் விட்டுவிடும். மரம் காய்கிறது. மரம் காய்ந்திருந்தால் கறையானும் எளிதில் அண்டாது.

நம் ஊர் கடலோரம் என்பதையும் மறக்கக் கூடாது. உப்புக் காற்று முதலில் ஆணியைத் தின்னும், பிறகு ஆணி அடித்த துளையைச் சுற்றித் தகரத்தைத் தின்னும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் நீரிணையைக் கடந்து திடீரென்று அடிக்கும் சுமத்ராக் காற்றைத் தாங்கள் அனைவரும் அனுபவித்திருப்பீர்கள். ஆணி தளர்ந்த தகரத்தை அது தூக்கி எறியும். ஓடு தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருப்பது. அப்படியே அசைந்தாலும் இரண்டு மூன்று ஓடு விழும், மாற்றிவிடலாம். மழை நேரத்தில் தகரத்தின் அடியில் தேவாரம் சொல்லிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்பதை நம் ஓதுவார் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகரத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். அடியில் முறையாகத் தடுப்பு விரித்து, காற்றோட்டம் விட்டு, நல்ல தகடு போட்டால் அதுவும் நெடுநாள் உழைக்கும். பின்னால் தனியே கட்டிய சமையல் கொட்டகைக்கு நாங்கள் அதைத்தான் போட்டிருக்கிறோம். அது பழைய கட்டடம் அன்று.

வேலை நடந்த முறைக்கு வருகிறேன். ஓட்டை இறக்கும்போது ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தோம். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். சந்தேகம் உள்ளவற்றை ஒரு நாள் முழுதும் நீரில் ஊறப்போட்டு எடை பார்த்தோம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அது ஊறிப்போன ஓடு, தள்ளிவிட வேண்டியதுதான். இப்படிப் பார்த்ததில் பாதிக்கு மேல் தேறின. ஏறக்குறைய நூறாண்டு வெயிலும் மழையும் கண்டவை! உடைந்தவற்றில் பெரும்பகுதி காலத்தால் உடையவில்லை. முன்னொரு பழுது வேலையில் யாரோ ஓட்டுச் சந்துகளில் சிமெண்டைப் பூசியிருந்தார்கள். சிமெண்டு ஓட்டைவிடக் கடினம்; வெயிலில் ஓடு விரியும்போது அது விட்டுக்கொடுக்காது. ஓட்டின் விளிம்பு தெறித்துப்போகும், வெடிப்பில் நீர் இறங்கும், இறங்கிய நீர் வெளியேற வழியிராது. முகட்டில் மட்டும் பூச்சு வேண்டும்; அதற்கும் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. சுண்ணாம்பு இளகிக் கொடுக்கும். நாளை ஓட்டை எடுக்க நேர்ந்தால் உடையாமல் வரும். ஒழுகுகிறது என்றதும் சிமெண்டுச் சட்டியோடு கூரை ஏறும் வழக்கத்தை, தங்கள் வீடுகளிலும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பற்றாக்குறைக்குப் புது ஓடு வாங்கினோம். இங்கேதான் பெரிய சிக்கல். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒவ்வொரு தொழிற்சாலையின் வார்ப்பும் சிறிதளவு வேறுபடும். பழையதையும் புதியதையும் ஒரே வரிசையில் கலந்தால் பூட்டு சேராது. சேராத இடத்தில் மழை உள்ளே வரும். ஆகவே பழைய ஓடுகளை எல்லாம் தெருவைப் பார்த்த முன்சரிவுக்கும், புதியவற்றைப் பின்சரிவுக்கும் ஒதுக்கினோம். இந்த ஓட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு தேவைப்படும். அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களுக்கு இடையே சுமார் 32 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சரிவு 30 பாகைக்குக் குறையக் கூடாது. சட்டத்தின் இடைவெளியை ஓட்டை வைத்து அளந்தே அடிக்க வேண்டும், நாடாவை மட்டும் நம்பி அடித்தால் கடைசி வரிசையில் மாட்டிக்கொள்வோம். நாங்கள் ஒரு நாள் வேலையைப் பிரித்துத் திரும்ப அடித்தோம். சிமெண்டில் வார்த்த ஓடு மலிவாகக் கிடைக்கிறதே என்றார் ஒருவர். அது மண் ஓட்டைவிடக் கனம். பழைய கைமரம் தாங்குமா என்று கணக்குப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. உளுத்த கைமரங்களுக்குப் பதில் செங்கால் மரம் போட ஆசைப்பட்டோம், விலை கட்டுப்படியாகவில்லை. பாரம் தாங்கும் இடங்களில் மட்டும் செங்கால், மற்றதற்கு மருந்தூட்டிய சாதாரண மரம். பெரும்பாலான சட்டங்களில் உளுத்த முனையை மட்டும் அறுத்துவிட்டுப் புதுத் துண்டைப் பொருத்தினார் தச்சர். முழுச் சட்டத்தையும் எடுத்து எறிவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனம் எல்லாத் தச்சருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய தோட்டத்து வீடுகளில், கோயில் கொட்டகைகளில் இன்னும் கல்நார்த் தகடு இருக்கலாம். அதைத் தாங்களாகவே உடைக்கவோ, துளையிடவோ, அறுக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கல்நாரின் எல்லா வகையும் அப்படித்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அகற்றத் தெரிந்தவர்களைக் கொண்டே அகற்றுங்கள். ‘கோத்தோங் ரோயோங்’ வேலையாகச் செய்யத்தக்கது அன்று.

இப்படிப் பழைய பொருளைத் தேடி அலைவது நாம் மட்டும் அல்லர். புதுச்சேரியில் தமிழர் பகுதியில் வைசியர் வீதி என்று ஒரு வீதி உண்டு. தெருவோரம் திண்ணை, அதன் மேல் மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம் என்பது அங்குள்ள வீடுகளின் அடையாளம். பல வீடுகளில் அதை இடித்துச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். ‘இன்டாக்’ என்னும் பாரம்பரிய அமைப்பினர் வீட்டுக்காரர்களோடு பேசி, வீதி முகப்புகளைப் பழைய முறையில் சீர்படுத்தினார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அரண்மனையோ கோட்டையோ அல்ல, மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்; ஒரு செட்டிநாட்டு வீடும் அங்கு உண்டு. நம் நாட்டிலேயே, பினாங்கில் சியோங் பாட் சே மாளிகையைச் சுண்ணாம்பு கொண்டே புதுப்பித்து 2000-ல் அதே யுனெஸ்கோ விருதைப் பெற்றார்கள். அதன் புகழ்பெற்ற நீல நிறம் இந்தியாவிலிருந்து வந்த அவுரிச் சாயம்.

செலவு? மறைக்க ஒன்றுமில்லை. தகரம் போடுவதைவிடக் கூடுதலாகத்தான் ஆயிற்று; வரவு செலவு முழுதும் அறநிலைய அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம். பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவர் வேலை நடந்த நாளில் ஒருமுறை வந்தார். பின்புறத்தில் உளுத்துக் கிடந்த கைமரத்தை எடுத்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை; கையில் ஒரு பழைய ஓட்டை வாங்கித் தட்டிப் பார்த்தார். “இந்த மாதிரி ஓடு எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் கிடக்கிறதே” என்றார். மறுநாள் ஆள் அனுப்பினோம். முப்பத்தாறு ஓடுகள், எல்லாம் காமன்வெல்த் முத்திரை.

தாழ்வாரத்தின் ஓர் ஓரம் இன்னும் ஓடு இல்லாமல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பழைய முகட்டோடும் பற்றவில்லை. ஆகவே ஜெராம், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் பக்கத்து அன்பர்கள் தங்கள் கொல்லைப்புறத்தில், கிணற்றடியில், பூந்தொட்டியின் அடியில் சிவப்பு ஓடு கிடந்தால் அதைத் திருப்பி முதுகுப்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து ஏதேனும் தெரிந்தால் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். சுமந்து வர வேண்டாம். ஞாயிறு காலை வண்டியோடு நாங்களே வருகிறோம்.