பாம்பு இருக்குமா, இருக்காதா?

கணினித் திரையில் ஒரு பாறை. அதைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் கையில் மின் அதிர்ச்சி, வலிக்கவே செய்யும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 45 பேரை இந்த விளையாட்டை விளையாடச் சொல்லி, அவர்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது, கண்மணி எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோதுகூட உடம்பு அவ்வளவு பதறவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போயிருந்தது.

புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கீமோ முடிந்து, தலைமுடி வளர்ந்து, 'நல்லாயிட்டாங்க' என்று சொந்தக்காரர்கள் சொல்லத் தொடங்கிய பிறகு ஒரு செக்கப். புற்றின் தடயம் காட்டும் ரத்த மார்க்கர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்கிறார் டாக்டர். 'அடுத்த மாசம் இன்னொரு தடவை பார்த்துடலாம்.' அந்த ஒரு மாதம் நகரவே நகராது. கெட்ட சேதியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், காத்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை என்று சொல்பவர்களைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். மூளையின் இயல்பே அது.

அந்தச் சோதனையில் இன்னொரு சேதியும் உண்டு. நிச்சயமின்மை கூடும்போது யாருக்குப் பதற்றமும் கூடவே ஏறியதோ, அவர்கள்தான் பாம்பு இருக்கும் பாறையை நன்றாகக் கணித்தார்கள். ஆக, பதற்றம் கற்றுக்கொள்ள உதவும் ஒரு விழிப்பு. ஆனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவருக்குப் புரட்டிப் பார்க்க ஒரு பாறையும் இல்லை. விழிப்பு மட்டும் இருக்கிறது. அதனால்தான் கை தானாகக் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்க்கிறது. பழைய முதுகுவலிக்குப் புது அர்த்தம் வந்துவிடுகிறது. நடு இரவில் போனில் தேடுகிறோம்.

அந்த மார்க்கர் எண்ணைத்தான் எவ்வளவு தூரம் நம்பலாம்? சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ-125 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1981-இல் இதைக் கண்டறியும் வழியைச் சொன்னது. 35-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்ற எல்லையும் அந்தக் குழு வகுத்ததுதான். 1983-இல் அவர்கள் நோயில்லாத 888 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றில் ஒருவருக்கு எண் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. புற்று உறுதியானவர்களிலோ, நூற்றுக்கு 82 பேருக்குத்தான் தாண்டியிருந்தது. புற்று இல்லாமலும் எண் ஏறுவதற்குக் காரணம் எளிது. இந்தப் புரதத்தைப் புற்றுக்கட்டி மட்டும் வெளியிடுவதில்லை. வயிற்றறையின் உட்சவ்வு எதனால் அழற்சி கண்டாலும் எண் ஏறும். மாதவிடாயிலும் ஏறும், கர்ப்பத்தின் தொடக்கத்திலும் ஏறும். வயிற்றுக் காசநோயிலோ நூற்றுக்கணக்கில் ஏறலாம். சினைப்பைப் புற்று என்று நினைத்து வயிற்றைத் திறந்தபோது காசநோயாக இருந்த சம்பவங்கள் நம் நாட்டு மருத்துவர்களின் கட்டுரைகளிலேயே பதிவாகியிருக்கின்றன. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருப்பதால், நம்மூரில் இதை மறக்கவே கூடாது. பெட் ஸ்கேனுக்கும் இதே சிக்கல்தான். சர்க்கரையை வேகமாகத் தின்னும் செல்கள் அதில் ஒளிரும். புற்றுச் செல் தின்னும். காசநோயோடு போராடும் வெள்ளணுவும் தின்னும்.

சரி, எண் ஏறியது உண்மையிலேயே புற்று திரும்புவதால்தான் என்றே வைத்துக்கொள்வோம். முந்தித் தெரிந்தால் நல்லதுதானே? கார்டன் ரஸ்டின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் குழு இதையே சோதித்தது. சினைப்பைப் புற்றுக்குச் சிகிச்சை முடித்து நலமாக இருந்த 1,442 பெண்களிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். முடிவை அவர்களிடமும் சொல்லவில்லை, அவர்களைக் கவனித்த டாக்டர்களிடமும் சொல்லவில்லை. எண் எல்லையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிய 529 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே சொல்லிச் சிகிச்சை தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு நோயின் அறிகுறி தெரிந்த பிறகே சிகிச்சை. 2010-இல் வந்த முடிவைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. முதல் பிரிவினர் கிட்டத்தட்ட ஐந்து மாதம் முந்தியே கீமோ எடுத்திருந்தார்கள். ஆனால் இரு பிரிவினரும் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. முந்தித் தெரிந்துகொண்டவர்களின் அன்றாட வாழ்க்கைதான் சீக்கிரமாகச் சீர்குலைந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் செக்கப்பை நிறுத்திவிடக் கூடாது. இது ஒரு வகைப் புற்றில், அன்றைய மருந்துகளோடு கிடைத்த விடை. விரைப் புற்றிலும், சில சமயம் பெருங்குடல் புற்றிலும் மார்க்கர் ஏறுவதை முந்திப் பிடித்துக் குணப்படுத்த முடிகிறது. உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இந்த எண் ஏறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஏறாவிட்டால் என்ன செய்வீர்கள்?' இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால், அந்தச் சோதனை இப்போது வேண்டுமா என்று சேர்ந்து யோசிக்கலாம்.

புற்று திரும்புமோ என்ற பயத்தையே நேராகக் கையாளும் முறைகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஃபில்லிஸ் பூட்டோவின் குழு புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 222 பேரிடம் ஒரு முறையைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டது. கவலைப்படாதே என்று அதில் யாரும் சொல்வதில்லை. கவலை வந்தால் அது வந்திருப்பதைக் கண்டுகொண்டு, அதன் பின்னாலேயே ஓடாமல் கவனத்தைத் திருப்பப் பழக்குகிறார்கள். உடம்பை எதற்காக, எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரம்பு வகுத்துத் தருகிறார்கள். வெறும் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பயம் கூடுதலாகக் குறைந்தது. முற்றிலும் போகவில்லை.

கூட இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஒண்ணும் இருக்காது' என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ரிப்போர்ட் என்றைக்கு வரும் என்று கேளுங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போங்கள்.