பிரஷர் மாத்திரைக்கு விற்றமின் ஈடாகுமா?

"நரம்புக்கு நல்லது" என்று பாமசியில் விற்றமின் பி வாங்கிக் குடித்துக்கொண்டு, கிளினிக்கில் தந்த பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவோர் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கங்களிலும் இருக்கிறார்கள். இது ஆபத்தானது.

எமது குருதியில் ஹோமோசிஸ்டீன் என்றொரு பொருள் உண்டு. பி6, பி12, போலிக் அமிலம் எனும் பி9 ஆகியவை குறைந்தால் அது கூடும். அது கூடியவர்களுக்குப் பாரிசவாத ஆபத்தும் அதிகம்.

2015இல் வெளியான சீன ஆய்வொன்றில் உயர் குருதி அமுக்கமுள்ள 20,702 பேர் பங்கேற்றனர். பிரஷர் மாத்திரையுடன் போலிக் அமிலமும் எடுத்தோருக்கு, மாத்திரை மட்டும் எடுத்தோரைவிட முதற் பாரிசவாதம் 21 வீதம் குறைந்தது. இரு சாராருக்கும் பிரஷர் மாத்திரை கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

நீரிழிவுக்கு நீண்டகாலம் மெட்போமின் பாவிப்போருக்கு பி12 குறையலாம். பரிசோதனை தேவையா என வைத்தியரிடம் கேளுங்கள். கீரையும் பருப்பும் பி9 தரும். மீனும் முட்டையும் பி12 தரும். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.