மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் ஆசிரியர்?

2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியது. அவர்கள் எதிர்த்தார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. 'பால்வாடிக்குப் போவதா' என்ற கௌரவக் குறைச்சலும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தது. ஆனாலும் 'இந்த வயதுக்கு நாங்கள் பயிற்சி பெறவில்லை' என்று அவர்கள் சொன்னது நியாயம். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. கற்பித்தல் பயிற்சிக்கு மாணவ ஆசிரியர்கள் போவதும் பள்ளிக்கூடங்களுக்கே. 2022-ல் அந்த வகுப்புகளே நிற்கப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியபின், மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்வது என்று முடிவானது. யாரை அனுப்புவது என்பதில் காட்டிய அக்கறையை எங்கே உருவாக்குவது என்பதில் காட்டவில்லை. மாணவ ஆசிரியர்களை அங்கன்வாடியில் வைத்தே உருவாக்க வேண்டும் என்பது என் வாதம்.

கீழ்புத்துப்பட்டை எடுத்துக்கொள்வோம். மரக்காணம் உப்பளங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் அங்கே உண்டு. அங்கே நான்கு வயதுப் பிள்ளையின் முன் ஐந்து கிளிஞ்சல்களையும் அவற்றுக்கு எதிரே ஐந்து புளியங்கொட்டைகளையும் வரிசையாக வையுங்கள். இரண்டும் சமம் என்பாள். கிளிஞ்சல்களை மட்டும் சற்றுத் தள்ளித்தள்ளிப் பரப்பினால், கிளிஞ்சல்தான் அதிகம் என்பாள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே விளக்கிய நிலை இது: நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையும் எண்ணிக்கை மாறவில்லை என்பதைப் பிடிக்காமல் இருக்கலாம். தெரியாத ஆசிரியர் 'தப்பு' என்று திருத்திவிட்டு அடுத்ததற்குப் போவார். தெரிந்தவர் கிளிஞ்சல்களை அவள் கையிலேயே கொடுத்து, மறுபடி பரப்பவும் சேர்க்கவும் விட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று காத்திருப்பார். பியாஜேயைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். அந்தக் காத்திருப்பு பிள்ளைகளோடு இருந்தால்தான் வரும். முகாம் வீட்டுப் பிள்ளை 'பேசுறேன்' என்பதற்குப் பதில் 'கதைக்கிறன்' என்றால் அதைப் பிழையென்று திருத்தக் கூடாது என்பதும் அப்படித்தான் படியும்.

இதற்கு வலுவான மறுப்பு தமிழ்நாட்டு ஆய்விலேயே இருக்கிறது. கானிமியான், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் நான்கு மாவட்டங்களின் 640 அங்கன்வாடிகளை வைத்துச் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு அது. முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக வைத்ததில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது; பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள்; வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன. அந்தப் பணியாளர்களுக்குக் கிடைத்ததோ குறுகிய காலப் பயிற்சி. பிறகு எதற்கு நீண்ட பயிற்சி என்று கேட்கலாம். என்ன மாறியது என்று பாருங்கள். எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, சத்துமாவு கொடுப்பது என்று ஒரே ஆள் தலையில் எல்லாம் விழும் இடத்தில், பிள்ளைகளுக்கென்றே இன்னொருவர் வந்தார். நேரம்தான் வேலை செய்தது. மாணவ ஆசிரியருக்கு இல்லாததும் பிள்ளைகளோடான அந்த நேரமே. ஒரு பருவம் முழுக்க அவரை அங்கன்வாடியில் அமர்த்தினால் அவருக்கும் பயிற்சி, பணியாளருக்கும் துணை. ஆனால் காலிப் பணியிடத்தை நிரப்பும் இலவச ஆளாக அவரை ஆக்கிவிடக் கூடாது. ஒரு வாரத்தில் கிளம்பும் விருந்தாளியாகவும் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பழகிய முகம் வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயமும் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அதை டி.டி.எச். சானலிலும் செல்போனிலும் நடத்தலாம் என்கிறது! மூன்று வயதுப் பிள்ளை அழும்போது என்ன செய்வது என்பதை எந்தச் சானல் சொல்லித்தரும்? 1939-ல் மாண்டிசோரி அம்மையார் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, பிள்ளையை உற்றுக் கவனிப்பதையே ஆசிரியரின் முதல் வேலையாக வைத்தார். அந்த முறை பிற்பாடு பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளோடு நின்றுவிட்டது.

'எழுதப் படிக்கத்தானே அனுப்புகிறோம், விளையாட்டு எதற்கு' என்ற பெற்றோரின் குறையைப் புறந்தள்ள முடியாது. பக்கத்துத் தனியார் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளை நோட்டு நிறைய எழுதும்போது, களிமண் உருட்டுவது அவர்களுக்கு வீண் வேலையாகத்தான் தெரியும். களிமண் உருட்டி விரல் வலுத்த பிறகே பென்சில் பிடிபடும் என்று அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் இந்த ஆசிரியரின் வேலை.

மிச்சம் ஒரு மறுப்பு. அதற்குப் பயிற்சியில் பதில் இல்லை. மாதம் 5,000 ரூபாய்க்கு யார் வருவார்கள், வந்தாலும் எத்தனை நாள் இருப்பார்கள்? ஆகவே கல்வித்துறை இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்: பட்டயப் படிப்பில் ஒரு பருவத்தை அங்கன்வாடிக்கு ஒதுக்கட்டும், அங்கே பயின்று வருபவருக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குரிய ஊதியத்தைக் கொடுக்கட்டும்.