டில்லியில் பேஸ்மென்ட் குடித்தனம்: படியிறங்குமுன் பாருங்கள்

நம் ஊர்க் கொத்தனாரிடம் 'பேஸ்மட்டம்' என்றால், தரைக்கு மேலே இரண்டடி, மூன்றடி எழுப்பிய பகுதியைக் காட்டுவார். டில்லி வீட்டுத் தரகரோ அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு படியிறங்குவார். புதிதாக வேலைக்கு வந்த நம்மவர் பலர், வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அவர் பின்னாலேயே இறங்கிவிடுகிறார்கள்.

பழைய டில்லி ஹவேலிகளில் 'தைகானா' என்ற நிலவறை உண்டு. மேலே வெயில் 44 டிகிரி கொளுத்தினாலும் ஆழத்து மண் சீக்கிரம் சூடேறாது. அதனால் கோடைப் பகலை அங்கே கழித்தார்கள். ஆனால் அது வெயிலுக்கு ஒதுங்கிய இடம், மழைக்கு அல்ல.

இன்றைய காலனி வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முழுவதும் தரைக்குள் அமிழ்ந்த அறையில் பகலிலும் விளக்கு வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வேர்க்கும். உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும். பெட்டியில் வைத்த சான்றிதழ்கூடப் பூஞ்சணம் பிடிக்கும்.

மற்றது பாதி மேலெழுந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பேஸ்மென்ட்டின் உயரம் 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது. அதன் கூரை சுற்றுத் தரைக்கு மேல் 90 முதல் 120 செ.மீ. வரை இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஜன்னல் வைத்தால் காற்றும் வெளிச்சமும் வரும். இதுவே மேல் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. ஜன்னல் விளிம்பும் தெருவும் சமமாகிவிட்டால், தண்ணீர் வாசல் வழியாகத்தான் வரும் என்பதில்லை.

2024 ஜூலை 27 மாலை, பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் பேஸ்மென்ட்டில் மழைவெள்ளம் புகுந்து, படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் மாண்டார்கள். ஒருவர் கேரளத்து இளைஞர். மூன்றடி அகலக் கதவுக்கு வெளியே இரண்டடித் தண்ணீர் நின்றால், அது கதவை அழுத்துவது சுமார் 170 கிலோ பாரத்துக்குச் சமம். வெளிப்பக்கம் திறக்கும் கதவானால் உள்ளிருப்பவர் தள்ளித் திறப்பது எப்படி?

எந்த வகையானாலும் பேஸ்மென்ட்டில் குடியிருக்க டில்லி விதிகளில் அனுமதி இல்லை. சாமான் வைக்க, வண்டி நிறுத்த போன்றவற்றுக்கே அது. வேறு வழியின்றிப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் எதிர்க் கடைக்காரரிடம், போன மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லமாட்டார். புது வெள்ளைக்கு அடியில் கறைக்கோடு தெரிகிறதா, வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று பாருங்கள். குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் கரி அங்கீட்டி வேண்டவே வேண்டாம். அதன் புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

நான் ஒரு மழைக்காலத்தோடு மூட்டை கட்டி, மொட்டைமாடி பர்சாத்தி அறைக்கு ஏறிவிட்டேன். மே மாதத்தில் வெந்து போனது உண்மைதான்.