பிரெஞ்சு பேச வைக்கும் ஊர்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாரன்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது த்ருவா பிஸ்தோல். 3,000 பேருக்குச் சற்றே கூடுதலாக வாழும் சிற்றூர். ஊரின் அளவுக்கு மீறிய ஒரு தேவாலயம், ஒரு படகுத்துறை, பெயர்பெற்ற பாலாடைக்கட்டிக் கடை. நதி அங்கே அவ்வளவு அகலம் என்பதால் ஊர்க்காரர்கள் அதைக் கடல் என்றே சொல்கிறார்கள். உப்புக் காற்று உண்டு, ஓதம் உண்டு, கோடையில் திமிங்கிலங்களும் வரும். கூடவே, பிரெஞ்சு கற்க ஆங்கிலம் பேசும் மாணவர்களும் வந்து இறங்குவார்கள். ஒன்டாரியோவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1932-ல் இங்கே தொடங்கிய கோடைக்கால பிரெஞ்சுப் பள்ளிதான் காரணம்.

மாணவர்கள் விடுதியில் தங்குவதில்லை, ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்குகிறார்கள். கனடா அரசின் ‘எக்ஸ்ப்ளோர்’ உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு ஐந்து வாரப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். போக்குவரத்தும் சிறு பதிவுக் கட்டணமும் மட்டும் கைக்காசு. காலையில் இலக்கணம், மதியம் நாடகமோ சமையலோ பாட்டோ. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: பிரெஞ்சைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது. வகுப்பில் மட்டுமல்ல, தெருவிலும் கடையிலும் சக மாணவர்களுக்கு நடுவிலும்கூட. இந்த வகைப் பள்ளிகளில் விதியை மீறினால் எச்சரிப்பார்கள்; திரும்பத் திரும்ப மீறினால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு எப்படி இருக்கும்? மேசையில் பாத்தே ஷினுவா. கொத்துக்கறி, அதன்மேல் மக்காச்சோளம், அதற்கும் மேல் மசித்த உருளைக்கிழங்கு என்று அடுக்கி அடுப்பில் சுட்டெடுப்பது. கியூபெக்கின் அன்றாட வீட்டுச் சமையல். வீட்டுக்கார அம்மா பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி ஏதோ கேட்கிறார். மாணவிக்குப் புரியவில்லை. பள்ளியில் எட்டு வருடம் படித்த பிரெஞ்சு, ஆசிரியை நிறுத்தி நிறுத்திச் சொன்ன பிரெஞ்சு. இங்கேயோ பாதி எழுத்துகளை விழுங்கிவிட்டு வாக்கியம் ஓடுகிறது, நடுவில் மகனுக்கு ஒரு அதட்டல் வேறு. மாணவி சும்மா தலையாட்டுகிறாள். தட்டில் இன்னொரு பெரிய கரண்டி விழுகிறது. போதும் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்கிற தேவை அந்த நொடியில் பிறக்கிறது. மறுநாள் அதே மேசையில் அந்தச் சொல் தானாக வாய்க்கு வரும்.

இந்தத் தேவைதான் எல்லாம் என்பது என் கட்சி. வகுப்பில் தவறாகச் சொன்னால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். வீட்டில் சொல்லத் தெரியாவிட்டால் குளிர்கிற ராத்திரியில் இன்னொரு போர்வை கிடைக்காது. வீட்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் விருந்தாளிக்காக மெதுவாகப் பேசுவார்கள், தவறைக் கண்டும் காணாததுபோல விடுவார்கள். குழந்தைக்கு அந்தத் தயவு கிடையாது. “அப்படிச் சொல்லக் கூடாது” என்று முகத்துக்கு நேரே திருத்தும். பத்துத் தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும். முதல் வாரம் முழுக்கச் சாயங்காலமானால் தலை கனக்கும், அழுகை வரும், வீட்டு நினைப்பு வாட்டும். அங்கே போய் வந்த பிள்ளைகள் பலரும் சொல்வது இது. மூன்றாவது வாரத்தில் எப்போதோ, மேசையில் யாரோ சொன்ன வேடிக்கைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, புரிந்துதான் சிரித்தோம் என்பதே பிறகுதான் உறைக்கும்.

வெளிநாடு போனாலே மொழி வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியெல்லாம் வருவதில்லை. 2004-ல் பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூவி ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்கள் 28 பேரை மூன்று குழுவாகப் பார்த்தார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியின் வகுப்பறையில் படித்தது. இன்னொன்று பாரிசுக்குப் போய் ஒரு பருவம் தங்கிப் படித்தது. மூன்றாவது குழு அமெரிக்காவை விட்டு நகரவே இல்லை. பிரெஞ்சு மட்டுமே பேச வேண்டிய கோடைப் பள்ளி ஒன்றில் சில வாரம் இருந்தது. சரளமாகப் பேசுவதில் அதிகம் முன்னேறியது பாரிஸ் போனவர்கள் அல்ல, கோடைப் பள்ளிக்காரர்கள். பாரிஸ் மாணவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசினார்கள் என்பது அவர்களே தெரிவித்த தகவலிலிருந்து தெரியவந்தது. 28 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பிள்ளையை லட்சக்கணக்கில் செலவழித்து அனுப்பும் பெற்றோர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாடு போயும் ஆங்கிலத்திலேயே இருந்துவிடும் இந்த ஆபத்தை, மாணவர்களை அப்படி அழைத்துப்போன முன்னோடிகள் அறிந்தே இருந்தார்கள். 1923-ல் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைடு எட்டு மாணவர்களோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர் அவர். கல்லூரிப் படிப்பின் மூன்றாம் ஆண்டை வெளிநாட்டில் கழிக்கும் அமெரிக்க வழக்கம் அங்கேதான் தொடங்கியது. நேரே பாரிசுக்குப் போய்விடாமல் முதலில் நான்சி நகரில் மொழியைப் பழகிக்கொண்டார்கள். ஸ்மித் கல்லூரி அதே வழியில் 1925 முதல் தன் மாணவிகளை அனுப்பியது. 1949-ல் அந்தக் குழுவோடு போனவர்களில் ஒருவர் ஜாக்குலின் பூவியே, பின்னாளில் ஜாக்குலின் கென்னடி. கிரெனோபிளில் சில வாரம் மொழிப்பயிற்சி, அப்புறம் பாரிஸ், அவென்யூ மொசார்ட்டில் ஒரு வீடு. வீட்டுக்காரம்மா கோமகள் தெ ரெந்தி. அவரும் கணவரும் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் இருந்து சிறைப்பட்டவர்கள். கணவர் முகாமிலேயே இறந்துபோனார். போர் முடிந்து நான்கே ஆண்டுகள், வீட்டில் கடுங்குளிர், எல்லோருக்கும் ஒரே குளியலறை. பேச்சு பிரெஞ்சில்தான். 1961-ல் அமெரிக்க அதிபரின் மனைவியாகப் பாரிஸ் போனபோது பிரான்ஸ் அதிபர் ஜெனரல் தெ கோலோடு ஜாக்குலின் பேசிய பிரெஞ்சை உலகமே வியந்து பார்த்தது. அந்தப் பிரெஞ்சு பழகியது இந்த வீட்டில்.

டொரொன்டோ பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிரெஞ்சு படிக்கிறார்கள். ஒன்டாரியோவின் ஆங்கிலவழிப் பள்ளிகளில் 4 முதல் 8 வரை அது கட்டாயப் பாடம், அதன்பிறகும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்பு தேறியாக வேண்டும். பாடங்களில் பெரும்பகுதியைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளிகளும் உண்டு. அப்படிப்பட்ட பள்ளி மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-ல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் இவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமம், பேசும்போதும் எழுதும்போதும் பின்தங்குகிறார்கள். வகுப்பில் நாள் முழுக்கக் கேட்கிறார்கள், வாய் திறந்து நீளமாகப் பேச வாய்ப்பு வருவதில்லை. அவர்களுக்கு ‘எக்ஸ்ப்ளோர்’ போல ஒரு வழி திறந்திருக்கிறது. முன்பின் தெரியாத வீட்டில் பெண்பிள்ளையை எப்படி விடுவது என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. வீட்டைப் பள்ளி எப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறது, பிரச்சினை வந்தால் வேறு வீட்டுக்கு மாற்றுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்பலாம். எல்லா வீடும் ஒன்றுபோல இருக்காது. சாப்பாட்டைத் தட்டில் வைத்து அறைக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் பாட்டுக்கு டிவி பார்க்கிற வீடுகளும் உண்டு. அங்கே தங்குவதற்கு விடுதியே மேல்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. பிளஸ் டூவில் மார்க் வரும் என்பதற்காகவே பிரெஞ்சு எடுத்து, 190-க்கு மேல் வாங்கிவிட்டு, ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்தால் பெயரைச் சொல்வதோடு நின்றுபோன தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. திறமை இல்லாமல் இல்லை. பேசிப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடமே அமையவில்லை.

இப்போது அந்த இடம் அமைகிறது. 2024 ஜனவரியில் குடியரசு தின விருந்தினராக வந்த பிரான்ஸ் அதிபர் மக்ரோன், 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களைத் தங்கள் நாட்டுக்கு வரவழைப்பதே இலக்கு என்றார். பிரெஞ்சு தெரியாதவர்களும் முதலில் அங்கே போய் ஒரு வருடம் மொழி படித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேர ‘சர்வதேச வகுப்புகள்’ வந்திருக்கின்றன. அந்த ஒரு வருடத்தை நம் பிள்ளைகள் எங்கே தங்கிக் கழிக்கப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்து வீடு எடுத்து, முறைபோட்டு ரசம் வைத்துச் சாப்பிடுவது அந்நிய ஊரில் பெரிய ஆறுதல், வாடகையும் குறையும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முதல் ஆறு மாதமாவது அதைத் தள்ளிப்போடுங்கள். பிரெஞ்சுக் குடும்பத்தோடு தங்க வழி உண்டா, இல்லையென்றால் உள்ளூர் மாணவர்களோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் வீடு கிடைக்குமா என்று, அனுமதிக் கடிதம் வந்த வாரமே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிற சமயத்தில் தேடினால் அப்படிப்பட்ட இடங்கள் மிஞ்சியிருக்காது.